கேளாமல் வந்த பேறு: புனித பெர்னதெத்தின் வாழ்க்கை

இறைக்காட்சி பெற்றவர்களைப் பற்றிப் படிக்கும்போது நம் உள்ளத்தில் ஓர் ஏக்கம் எழுவது இயல்பு. நமக்கும் அப்படியொரு காட்சி கிட்டாதா, அதன்பின் ஐயமும் துயரமும் அண்டாத வாழ்வு அமையாதா என்று எண்ணுகிறோம். காட்சி கிடைத்துவிட்டால் பயணம் முடிந்துவிட்டது என்பது நம் எண்ணம். ஆனால் அருளாளர்களின் வரலாறுகளை ஊன்றிக் கற்போருக்கு வேறோர் உண்மை புலப்படும். பலருடைய வாழ்வில் காட்சிக்குப் பின்னரே உண்மையான சோதனை தொடங்கியிருக்கிறது. அதுவும், தவம் செய்து பக்குவப்பட்டவருக்கு அன்றி, எழுதப் படிக்கவும் தெரியாத 14 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அத்தகைய பேறு கேளாமலே வந்து சேர்ந்தால் அவள் அதை எவ்வாறு தாங்குவாள்?

பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள லூர்து நகரில் பிறந்த பெர்னதெத் சூபிரூவின் வாழ்க்கை இந்தக் கேள்விக்குரிய விடைகளுள் ஒன்று. லூர்து மாதா என்ற பெயர் நம் நாட்டில் எல்லாச் சமயத்தவருக்கும் அறிமுகமானது. லூர்துசாமி என்றும் லூர்துமேரி என்றும் குழந்தைகளுக்குப் பெயரிடும் குடும்பங்கள் தமிழகத்தில் ஏராளம். ஆனால் அந்தப் பெயர் உலகெங்கும் பரவக் காரணமாயிருந்த பெண், தன்னை எவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று விரும்பி வாழ்ந்து மறைந்தார் என்பதைப் பலர் அறியார்.

வறுமையின் மடியில்

பெர்னதெத் 1844-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் பிறந்தாள். தந்தை பிரான்சுவா சூபிரூ மாவரைக்கும் ஆலை நடத்தி வந்தார். தாய் லூயிஸ். பெர்னதெத் அவர்களுடைய மூத்த மகள். பின்னர்ப் பிறந்த குழந்தைகளுள் பலர் சிறு வயதிலேயே இறந்தனர். பிறந்த சில மாதங்களில் தாய்க்குத் தீக்காயம் ஏற்பட்டதால், குழந்தையை அருகிலிருந்த பார்த்ரேஸ் என்ற சிற்றூரில் ஒரு செவிலித்தாயிடம் விட நேர்ந்தது.

பிரான்சுவா இளகிய மனம் கொண்டவர். வியாபாரத் திறமை இல்லாதவர். மாவரைத்துக்கொண்டு பணம் தராமல் போனவர்களை அவர் வற்புறுத்தவில்லை. 1854-இல் ஆலை கைவிட்டுப் போயிற்று. அடுத்த ஆண்டு லூர்தில் காலரா பரவியபோது பெர்னதெத்தும் அதற்கு ஆளானாள். உயிர் பிழைத்தாலும் ஆஸ்துமா அவளை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 1857-இல் அக்குடும்பம் குடியேறிய இடம் ஒரு பழைய சிறைக்கூடம். கைதிகளை அடைக்கவும் உடல்நலத்துக்கு ஒவ்வாதது என்று நகராட்சி கைவிட்ட ஒற்றை அறை அது. அந்த இருண்ட அறையில் பெற்றோரும் நான்கு குழந்தைகளுமாக ஆறு பேர் வாழ்ந்தனர். அதே ஆண்டு மாவு திருடியதாகப் பழிசுமத்தப்பட்டு பிரான்சுவா சில நாள்கள் சிறையில் இருந்தார். சான்று ஏதும் இல்லாததால் விடுவிக்கப்பட்டாலும், வறியவன் மீது விழுந்த பழி எளிதில் அழியவில்லை.

அந்த ஆண்டின் இறுதி மாதங்களில் பெர்னதெத் மீண்டும் பார்த்ரேசில் தன் செவிலித்தாயின் வீட்டில் ஆடு மேய்த்தாள். பள்ளிக்குச் செல்ல வாய்ப்பில்லை. அவளுக்குத் தெரிந்தது அப்பகுதியின் வட்டார மொழி மட்டுமே. பிரெஞ்சு மொழி தெரியாது. மறைக்கல்விப் பாடங்களும் மனத்தில் நிற்கவில்லை. ஆனால் செபமாலை சொல்லத் தெரியும். புதுநன்மை பெறும் ஆவலில், 1858 ஜனவரியில் அவள் தானாகவே லூர்துக்குத் திரும்பினாள். கற்றவர்களின் கண்ணுக்கு அவள் மந்தமான, நோயாளியான, திருட்டுப்பழி சுமந்தவனின் மகள். அவளை நோக்கித்தான் அருள் வந்தது.

மசபியேல் குகையில்

1858-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், வியாழக்கிழமை. குளிருக்கு மூட்ட வீட்டில் விறகு இல்லை. தங்கை துவானெத்துடனும் தோழி ஒருத்தியுடனும் பெர்னதெத் சுள்ளி பொறுக்கப் புறப்பட்டாள். காவ் ஆற்றங்கரையில் மசபியேல் என்ற பாறைக் குகை உள்ளது. மற்ற இருவரும் குளிர்ந்த நீரோடையைக் கடந்து சென்றுவிட, ஆஸ்துமாவுக்கு அஞ்சித் தயங்கிய பெர்னதெத் காலுறையைக் கழற்றக் குனிந்தாள். காற்று வீசுவது போன்ற ஓசை கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள், மரங்கள் அசையவில்லை. மீண்டும் ஓசை கேட்கவே குகையை நோக்கினாள். அங்கிருந்த மாடம் போன்ற பிளவில், மெல்லிய ஒளியின் நடுவே, வெண்ணிற ஆடையும் நீல இடைக்கச்சும் அணிந்து, இரு பாதங்களிலும் மஞ்சள் ரோஜா பொலிய, இளநங்கை ஒருத்தி நின்றாள். ஏறத்தாழத் தன் உயரமே இருந்த அவ்வுருவைக் கண்டு அஞ்சிய சிறுமி செபமாலையைக் கையிலெடுத்தாள்.

தான் கண்டது யார் என்று பெர்னதெத் சொல்லவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. தேவமாதாவைக் கண்டதாக ஊரார் பேசத் தொடங்கிய பின்னரும், அவள் அவ்வுருவைத் தன் வட்டார மொழியில் 'அது' என்று பொருள்படும் சொல்லாலேயே குறிப்பிட்டாள். கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டுவதில்லை என்ற அந்த உறுதியை அவள் இறுதிவரை விடவில்லை.

வீட்டில் செய்தி தெரிந்ததும் தாய் அடித்தார். இனி அங்கே போகக் கூடாது என்றார். எனினும் சிறுமி மீண்டும் குகைக்குச் சென்றாள். பிப்ரவரி 18-ஆம் நாள், மூன்றாவது காட்சியின்போது, அந்தப் பெருமாட்டி முதன்முறையாகப் பேசினார். பதினைந்து நாள்கள் அங்கே வர இயலுமா என்று மரியாதைப் பன்மையில் வேண்டினார். தன்னை அவ்வாறு மரியாதையாக விளித்தவர்கள் எவரும் அதுவரை இல்லை என்பதே பெர்னதெத்தின் முதல் வியப்பாக இருந்தது. அன்றே மற்றொன்றும் அவளுக்குச் சொல்லப்பட்டது. இவ்வுலகில் அவளை இன்பமாக வைப்பதாக உறுதியளிக்க முடியாது, மறுவுலகில்தான் என்பதே அது. 14 வயதில் கேட்ட இந்தச் சொல்லின் முழுப்பொருளை அவள் தன் எஞ்சிய 21 ஆண்டுகளில் அனுபவித்து அறிந்தாள்.

விசாரணைகளின் நடுவே

ஏறத்தாழ 4000 பேர் வாழ்ந்த அச்சிற்றூர் பரபரப்புற்றது. நாளுக்கு நாள் குகையின் முன் கூட்டம் பெருகியது. அவர்களுக்கு எந்த உருவமும் தெரியவில்லை. பரவசத்தில் ஒளிரும் ஒரு சிறுமியின் முகத்தை மட்டுமே அவர்கள் கண்டனர்.

பிப்ரவரி 21-ஆம் நாள் காவல் ஆணையர் ஜக்கோமே அவளை அழைத்து விசாரித்தார். சொன்னதை எழுதிக்கொண்டு, பின்னர் வேண்டுமென்றே சிலவற்றை மாற்றிப் படித்துக் காட்டினார். தான் அவ்வாறு கூறவில்லை என்று அவள் ஒவ்வொரு மாற்றத்தையும் அமைதியாகத் திருத்தினாள். குகைக்குப் போவதில்லை என்று வாக்களிக்குமாறு மிரட்டியபோது, அங்கே வருவதாக ஏற்கெனவே வாக்களித்துவிட்டதால் இயலாது என்றாள். சிறையை அறிந்த தந்தை அஞ்சினார். மகளை அனுப்புவதில்லை என்று ஆணையரிடம் உறுதி கூறினார். ஒருபுறம் பெற்றோரின் கட்டளை. மறுபுறம் கொடுத்த வாக்கு. மறுநாள் அவள் குகைக்குச் சென்றாள். ஆனால் காட்சி கிட்டவில்லை. காவலரை மீறிச் சென்றதற்கு ஏச்சும், காட்சி கிடைக்காததற்கு ஏளனமும் ஒருங்கே கிடைத்தன. மகளின் துயரத்தைக் கண்ட தந்தை தடையை விலக்கிக்கொண்டார்.

பிப்ரவரி 25-ஆம் நாள் நிகழ்ந்தது இன்னும் கடுமையான சோதனை. ஊற்றில் நீர் பருகி முகம் கழுவுமாறு அவளுக்குக் கட்டளை பிறந்தது. அங்கே ஊற்று ஏதும் கண்ணில் படவில்லை. ஆற்றை நோக்கி நடந்தவளைத் திருப்பி, குகையின் உட்புறம் சுட்டப்பட்டது. அவள் மண்டியிட்டுத் தரையைக் கையால் தோண்டினாள். சேற்று நீர் கசிந்தது. மும்முறை எடுத்து எறிந்துவிட்டு நான்காம் முறை பருகினாள், முகத்தில் பூசிக்கொண்டாள், அங்கிருந்த புல்லையும் தின்றாள். சேறு படிந்த முகத்துடன் திரும்பியவளைக் கண்ட கூட்டம் பைத்தியம் என்று சிரித்தது. உடன் வந்த உறவினரும் நாணித் தலைகுனிந்தனர். பாவிகளுக்காகச் செய்யப்பட்ட பரிகாரம் என்பதே அவள் தந்த விளக்கம். அடுத்து வந்த நாள்களில் அச்சேறு தெளிந்தது, ஊற்று பெருகியது. அந்நீர் இன்றும் ஓடுகிறது. மார்ச் முதல் நாள், விரல்கள் செயலிழந்த கத்தரீன் லத்தாப்பி என்ற பெண் அந்நீரில் கை நனைத்துக் குணமடைந்தார். திருச்சபை பின்னர் ஏற்றுக்கொண்ட குணமளிப்புகளுள் காலத்தால் முந்தியது அது.

மார்ச் 2-ஆம் நாள் மற்றொரு சுமை ஏற்றப்பட்டது. அங்கே ஓர் ஆலயம் எழுப்பவும் மக்கள் பவனியாக வரவும் வேண்டும் என்று குருக்களிடம் சொல்லுமாறு அவள் பணிக்கப்பட்டாள். பங்குத்தந்தை பெய்ரமால் கண்டிப்புக்குப் பெயர்பெற்றவர். அவர் சிறுமியைக் கடிந்து அனுப்பினார். அப்பெருமாட்டி தம் பெயரைச் சொல்ல வேண்டும், குகையிலுள்ள காட்டு ரோஜாச் செடியைக் குளிர்காலத்தில் பூக்கச் செய்ய வேண்டும் என்றார். பதினைந்து நாள்களின் இறுதி நாளான மார்ச் 4-ஆம் நாள் ஏறத்தாழ 8000 பேர் அற்புதத்தை எதிர்பார்த்துக் குழுமினர். செடி பூக்கவில்லை. பெயரும் தெரியவில்லை. கலைந்து சென்ற மக்களின் ஏமாற்றம் முழுவதும் அவள் மீதே விழுந்தது.

மார்ச் 25-ஆம் நாள் அதிகாலை அவள் உள்ளத்தில் மீண்டும் அழைப்பு எழுந்தது. பன்முறை வேண்டிய பின்னர் அன்று பெயர் வெளிப்பட்டது. அச்சொற்களின் பொருள் அவளுக்கு விளங்கவில்லை. மறந்துவிடக் கூடாதே என்று வழிநெடுகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே சென்று பங்குத்தந்தையிடம் கூறினாள். தாமே அமலோற்பவம் என்று அப்பெருமாட்டி சொன்னதைக் கேட்ட பெய்ரமால் திகைத்து நின்றார். அன்னை மரியா பிறவி மாசின்றிக் கருவுற்றவர் என்ற கோட்பாட்டைப் போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதர் பிரகடனம் செய்தது 1854-இல்தான். மறைக்கல்வியில் எளிய விடைகளையே நினைவில் வைக்க இயலாத சிறுமி, இறையியலார் வழங்கும் இச்சொல்லை எங்கிருந்து கொண்டுவந்தாள்? அவளுடைய ஊழியத்துக்கு அன்று முதல் ஓர் உறுதியான துணைவர் கிடைத்தார்.

அரசு அதிகாரிகள் விடவில்லை. மருத்துவர் மூவர் அவளைச் சோதித்தனர். மனமயக்கமாக இருக்கலாம் என்று கருதிய அவர்களும், அவளை மருத்துவமனையில் அடைத்து வைக்கத் தேவை ஏதும் காணவில்லை. ஜூன் மாதம் குகையை அடைத்து வேலி கட்டினர். ஜூலை 16-ஆம் நாள், வேலிக்கு அப்பால், ஆற்றின் மறுகரையில் மண்டியிட்டபடி பெர்னதெத் பதினெட்டாவது காட்சியைக் கண்டாள். அதுவே இறுதிக் காட்சி. பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் ஆணைப்படி அக்டோபரில் வேலி அகற்றப்பட்டது.

ஐந்து மாதங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கோ இன்னும் 15 வயது நிறையவில்லை.

பேறு தந்த பாரம்

காட்சிகள் நின்றன, காண வருவோர் நிற்கவில்லை. காலை முதல் இரவு வரை அந்தப் பழைய சிறைக்கூடத்துக்கு மக்கள் வந்துகொண்டேயிருந்தனர். ஒரே கதையை நாளுக்குப் பன்முறை சொல்ல வேண்டியிருந்தது. மூச்சுத்திணறலால் இடையிடையே நின்று நின்று அவள் சொல்லுவாள். சிலர் அவள் ஆடையின் ஓரத்தைக் கத்தரித்தனர். சிலர் செபமாலைகளை நீட்டி ஆசி வேண்டினர். தான் குரு அல்லவே என்று மறுத்தாள். ஆயர் ஒருவர் தம் பொன் செபமாலையை அவளுடைய எளிய மாலைக்கு மாற்றாகத் தர முன்வந்தபோது அதையும் ஏற்கவில்லை. பணம் கொடுத்தவர்களிடம் உடனே திருப்பிக் கொடுத்தாள். அவளறியாமல் பையில் போட முயன்றவர்களைக் கண்டால் கோபம் கொண்டாள். குகை நீர் கொண்டுவந்து கொடுத்ததற்காகத் தம்பி காசு வாங்கி வந்ததை அறிந்ததும் கன்னத்தில் அறைந்து, அதைத் திருப்பித் தரச் செய்தாள். இவ்வளவும் உணவுக்கே வழியில்லாத குடும்பத்தில் நிகழ்ந்தன என்பதை நாம் மறக்கலாகாது. மகளின் ஒரு சொல் அக்குடும்பத்தைச் செல்வத்தில் ஆழ்த்தியிருக்கும். அந்தச் சொல்லை அவள் சொல்லவில்லை. பெற்றோரும் அதைக் கேட்கவில்லை.

பொருளாசையினும் நுட்பமான சோதனை புகழ். பெர்னதெத்தின் காட்சிகளுக்குப் பின்னர் அவ்வூரில் பலர் தாங்களும் குகையில் காட்சி கண்டதாகக் கூறத் தொடங்கினர். அவர்களுடைய விவரணைகள் வண்ணமயமாக இருந்தன. நாளுக்கு நாள் வளர்ந்தன. பெர்னதெத் சொன்னதோ வளரவேயில்லை. காவலர், வழக்கறிஞர், மருத்துவர், குருக்கள், ஆயர் அமைத்த ஆய்வுக்குழு என்று யார் கேட்டாலும் அதே சில வாக்கியங்கள்தாம். நம்ப மறுத்தவர்களிடம் அவள் வாதிடவில்லை. சொல்லும் பொறுப்பே தனக்குத் தரப்பட்டது, நம்பவைக்கும் பொறுப்பு தன்னுடையதன்று என்பது அவளுடைய நிலை. தத்துவம் பயின்றோரும் நீண்ட காலம் முயன்றே எய்தும் ஒரு தெளிவு இது. கருவிக்குரியது எது, கர்த்தாவுக்குரியது எது என்று அச்சிறுமி பிரித்தறிந்திருந்தாள்.

1860-இல் அவள் நெவேர் சபைக் கன்னியர் நடத்திய விடுதியில் சேர்க்கப்பட்டாள். அங்கேதான் எழுதப் படிக்கக் கற்றாள். அவ்வாண்டு டிசம்பரில் தார்ப் மறைமாவட்ட ஆயர் லொரான்ஸ் முன்னிலையில் சாட்சி அளித்தாள். பெயரை வெளிப்படுத்தியபோது அப்பெருமாட்டி கைகளைக் குவித்த விதத்தை அவள் செய்து காட்டியதும் முதிய ஆயரின் கண்கள் கலங்கின. 1862 ஜனவரி 18-ஆம் நாள், காட்சிகள் நம்பத்தக்கவை என்று ஆயர் அறிவித்தார். ஏழு குணமளிப்புகளையும் ஏற்றுரைத்தார்.

அதன்பின் லூர்து வளர்ந்தது. சிற்பி ஃபாபிஷ் வெண்பளிங்கில் செதுக்கிய சிலை 1864-இல் குகையில் நிறுவப்பட்டது. அழகிய சிலைதான், ஆனால் தான் கண்டதைப் போல் இல்லை என்பதை பெர்னதெத் மறைக்கவில்லை. 1866 மே மாதம் நிலவறை ஆலயம் திறக்கப்பட்டது. அதன் கட்டுமானத்தில் கூலி வேலை செய்தவர்களுள் அவளுடைய தந்தையும் ஒருவர். மகளின் வாக்கால் எழுந்த ஆலயத்துக்குத் தந்தை நாட்கூலிக்குக் கல் சுமந்தார்.

அக்காட்சி எங்கே நிகழ்ந்ததோ அந்த இடத்தில் தொடர்ந்து வாழ்வது பெர்னதெத்துக்கு இயலாததாயிற்று. பளிச்சிடும் ஊரில் அவளும் ஒரு காட்சிப்பொருளாகிக்கொண்டிருந்தாள். நோயுற்றோருக்குப் பணி செய்யும் துறவு வாழ்வையே அவள் நாடினாள். கல்வியும் சீதனமும் இல்லாத தன்னைச் சபை ஏற்குமா என்ற தயக்கம் இருந்தது. சமையலறையில் காரட் சீவிக்கொண்டிருந்த அவளைக் கண்ட நெவேர் ஆயர் ஃபோர்காத், அதுவே போதுமான தகுதி என்று ஊக்கமளித்தார். 1866 ஜூலை 4-ஆம் நாள், குகையிடம் விடைபெற்று, பெர்னதெத் லூர்தைவிட்டுப் புறப்பட்டாள். அவள் அங்கே திரும்பவேயில்லை.

மறைந்து வாழ்தல்

நெவேர் மடத்தில் சேர்ந்த மறுநாள், ஏறத்தாழ 300 கன்னியர் கூடிய அவையில், லூர்து நிகழ்ச்சிகளைக் கடைசியாக ஒருமுறை விவரிக்குமாறு பணிக்கப்பட்டார். பின்னர் அதைப் பற்றிப் பேசலாகாது என்று கட்டளையிடப்பட்டது. சகோதரி மரி-பெர்னார் என்ற புதிய பெயருடன் அவர் அந்த மௌனத்தை மகிழ்ச்சியோடு ஏற்றார்.

மடத்திலும் வாழ்வு மென்மையாக இல்லை. நவகன்னியர் தலைவி வோசு அன்னை உயர்குடியில் பிறந்தவர். நுண்ணிய ஆன்மிக விவரணைகளை எதிர்பார்ப்பவர். எளிமையும் ஒளிவுமறைவும் கொண்ட இந்தக் குடியானவப் பெண்ணை அவரால் புரிந்துகொள்ள இயலவில்லை. செருக்கு தலைதூக்கிவிடக் கூடாது என்ற நோக்கமும் சேர்ந்தது. அதனால் பெர்னதெத்துக்குக் கடுஞ்சொல்லும் புறக்கணிப்புமே பெரும்பாலும் கிடைத்தன. சேர்ந்த ஆண்டிலேயே நோய் முற்றி, இறந்துவிடுவார் என்று கருதி இறுதிச் சடங்குகளும் செய்யப்பட்டன. பிழைத்தெழுந்தவருக்கு, டிசம்பர் 8-ஆம் நாள் இறந்த தாயின் மறைவுச் செய்தி வந்தது.

1867 அக்டோபர் 30-ஆம் நாள் வாக்குறுதி அளித்த கன்னியர் ஒவ்வொருவருக்கும் பணியிடம் வழங்கப்பட்டது. பெர்னதெத்தின் முறை வந்தபோது, எதற்கும் பயன்படாதவர் என்று தலைமை அன்னை அனைவர் முன்னிலையிலும் ஆயரிடம் கூறினார். அவர் கலங்கவில்லை. செபிப்பதே அவருடைய பணி என்று ஆயர் அறிவித்தார். பின்னர் மடத்து நோயாளிகளைப் பேணும் பொறுப்பில் உதவியாளராகி, அப்பணியைத் திறம்படவும் நகைச்சுவையோடும் செய்தார். தரையைப் பெருக்கிய துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் வைப்பது போல, அன்னை தம்மைப் பயன்படுத்திவிட்டு உரிய இடத்தில் வைத்துவிட்டார் என்று அவர் தம்மைப் பற்றிச் சொல்வதுண்டு. தம் படங்கள் கடைகளில் சில காசுகளுக்கு விற்கப்படுவதைக் கண்டு, தம் மதிப்பு அவ்வளவே என்று சிரித்தார்.

ஆஸ்துமாவோடு காசநோயும் சேர்ந்தது. வலது முழங்காலில் எலும்புக் காசநோய் கட்டியாகத் திரண்டு தாங்கொணா வேதனை தந்தது. லூர்து நீரால் மற்றவர்கள் குணமடைந்த செய்திகள் வந்துகொண்டிருந்தன. அந்த ஊற்று தமக்கானதன்று என்பதில் அவருக்கு ஐயமில்லை. 1876-இல் லூர்துப் பேராலயம் அபிஷேகம் செய்யப்பட்டபோது பல ஆயர்களும் பெருந்திரளான மக்களும் கூடினர். ஊற்றைத் தோண்டிய கை நெவேரில் நோய்ப்படுக்கையில் இருந்தது.

வெண்திரையிட்ட தம் கட்டிலை அவர் தம்முடைய வெண்ணிற ஆலயம் என்று அழைப்பார். அங்கும் விசாரணைகள் வந்தன. லூர்து வரலாற்றை எழுத முனைந்தவர்கள் 1878 டிசம்பரிலும் அடுத்த ஆண்டிலும் கேள்விகளை அனுப்பினர். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பல சிறு விவரங்கள் நினைவில்லை என்று அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். நினைவில்லாததைக் கற்பனையால் நிரப்பியிருந்தால் யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். காவல் ஆணையர் முன் 14 வயதில் காத்த அதே வாய்மையை மரணப் படுக்கையிலும் காத்தார். இறுதி நாள்களில் கட்டிலைச் சுற்றியிருந்த திருப்படங்களையெல்லாம் அகற்றச் சொல்லிவிட்டு, சிலுவையை மட்டும் வைத்துக்கொண்டார். 1879-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், தம் 35-ஆம் வயதில், நாற்காலியில் சாய்ந்தவாறே உயிர்நீத்தார்.

1909-இல் அவருடைய கல்லறை திறக்கப்பட்டபோது உடல் அழியாதிருந்ததாகப் பதிவு செய்யப்பட்டது. பின்னர் முகத்துக்கும் கைகளுக்கும் மெழுகுக் கவசம் இடப்பட்டு, நெவேரில் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டுள்ளது. 1925-இல் அருளாளர் பட்டமும் 1933 டிசம்பர் 8-ஆம் நாள் புனிதர் பட்டமும் அளிக்கப்பட்டன. காட்சி கண்டதற்காக அன்றி, வாழ்ந்த முறைக்காகவே அவர் புனிதராகப் போற்றப்படுகிறார் என்பதைத் திருச்சபையினர் வலியுறுத்துவர். லூர்து நீரைத் தேடி ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் செல்கின்றனர். இந்த நெடுங்காலத்தில் கடும் ஆய்வுக்குப்பின் அற்புதம் என ஏற்கப்பட்ட குணமளிப்புகள் எழுபதைச் சற்றே தாண்டியவை. தம்மை நாடி வருவோருக்குத் தீர்ப்பளிப்பதில் அத்தலம் காட்டும் நிதானமும் பெர்னதெத்தின் நிதானத்தை நினைவூட்டுகிறது.

சாதகர்களுக்கு ஒரு பாடம்

காட்சி உண்மையா, மனத்தின் தோற்றமா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் இன்றும் எழுப்புவர். புறத்தே நின்று அதற்கு முடிவு கூறுவது எளிதன்று. ஆனால் ஆன்மிக மரபுகள் யாவும் ஏற்கும் ஓர் உரைகல் உண்டு: அனுபவம் கண்டவரை எத்தகையவராக ஆக்கிற்று என்பதே அது. மயக்கம் தன்னை வளர்த்துக்கொள்ளும்; கவனத்தை நாடும்; மறுப்பவரிடம் சினம் கொள்ளும். பெர்னதெத்திடம் இவற்றுள் ஒன்றும் இல்லை. பொருள் வந்தது, தள்ளினார். புகழ் வந்தது, விலகினார். அவமதிப்பு வந்தது, ஏற்றார். தாம் கண்டதன் மீது உரிமை கொண்டாடவில்லை. அதை மறுக்கவும் இல்லை.

இறையருள் தரும் பேறுகள் நம்மை உயர்த்திக் காட்டுவதற்காகத் தரப்படுவதில்லை. அவை ஒரு பொறுப்பு. சில வேளைகளில் பெரும் பாரம். தியானத்தில் சிறிது ஒளி தோன்றினாலும் நாலு பேரிடம் சொல்லத் துடிப்பவர்கள் நாம். பிறர் ஏற்காவிட்டால் மனம் நோகிறோம். நமக்குக் கிட்டியது நம் துன்பங்களைப் போக்கவில்லையே என்று இறைவனிடம் கணக்குக் கேட்கிறோம். ஐந்து மாதங்களில் பதினெட்டு முறை காட்சி பெற்ற ஒருவர், எஞ்சிய வாழ்நாள் முழுவதும் காட்சியின்றி, நோயோடும் மௌனத்தோடும், நோயாளிகளுக்குப் பணி செய்தும் செபமாலை உருட்டியும் நம்பிக்கையில் நிலைத்தார். கண்ட நாள்களைவிடக் காணாத அந்த ஆண்டுகளே அவருடைய தவம். காட்சி ஏதுமின்றி அன்றாடம் தியானத்தில் அமரும் நம்மைப் போன்ற எளிய சாதகர்களும் நடக்கக்கூடிய வழி அது.